கேட்சிங் ஃபயர்: வென்றவர்களை ஏன் மறுபடியும் களத்துக்கு அனுப்பினார்கள்?

'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் அடுத்த படம் 2026 நவம்பரில் திரைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். 50ஆம் ஆண்டுப் போட்டியின் கதை அது. அதாவது, நாயகி கேட்னிஸின் வழிகாட்டியான ஹேமிட்ச் வென்ற போட்டி. அதற்காகப் பழைய படங்களை முதலிலிருந்து பார்த்துவருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இரண்டாம் படத்தில்தான். 2013 நவம்பரில் வந்த 'கேட்சிங் ஃபயர்' மேலோட்டமாகப் பார்த்தால் முதல் படத்தையே திரும்ப எடுத்ததுபோலத் தெரியும். அதே நாயகி, அதே பயணம், அதே கொலைக்களம். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாம் தலைகீழாகிறது. படம் முடிந்ததும் கேள்விகள் வரிசை கட்டுகின்றன. ஒருமுறை பிழைத்தவர்களை ஏன் மறுபடியும் அனுப்பினார்கள்? கேட்னிஸோடு களமிறங்கும் பீட்டாவைக் காப்பாற்ற முன்பின் பழகாதவர்கள் ஏன் உயிரைக் கொடுக்கிறார்கள்? அந்தக் கம்பியும் மின்னலும் எதற்கு? யாருக்கெல்லாம் முன்பே தெரியும்?

விடைகள் எல்லாமே படத்துக்குள் இருக்கின்றன. கொஞ்சம் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். முடிவு உட்பட முழுக்கதையும் கீழே பேசப்படுகிறது.

## பானெம் எப்படி இயங்குகிறது

வட அமெரிக்கா அழிந்த பிறகு அந்த நிலத்தில் எழுந்த நாடு பானெம். நடுவில் செல்வம் கொழிக்கும் கேப்பிட்டல். அதற்கு உழைத்துக் கொடுக்க 12 மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தொழில். 12ஆம் மாவட்டம் நிலக்கரி வெட்டுகிறது, 11 வேளாண்மை, 8 துணி, 7 மரம், 4 மீன்பிடி, 3 மின்னணுச் சாதனங்கள். 13ஆம் மாவட்டம் ஒன்று இருந்தது, பழைய கிளர்ச்சியில் அது அழிக்கப்பட்டுவிட்டது என்பது அரசு சொல்லும் வரலாறு.

இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தவர் இன்னொரு மாவட்டத்துக்குப் போகவோ, அங்கே இருப்பவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளவோ முடியாது. பக்கத்து மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்பதுகூட அரசுத் தொலைக்காட்சி காட்டினால்தான் தெரியும். இரண்டாம் படத்தின் முடிச்சே இந்த விதியில்தான் இருக்கிறது.

கிளர்ச்சிக்குத் தண்டனையாக ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். இவர்கள் 24 பேரும் 'ட்ரிப்யூட்'கள். ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். அதை நேரலையாக எல்லோரும் பார்த்தே தீர வேண்டும். ஆளைத் தேர்வு செய்யும் சீட்டுக் குலுக்கலுக்கு 'ரீப்பிங்' என்று பெயர்.

குலுக்கல் பொதுவானது போலத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்:

1. 12 வயதில் பெயர் ஒரு சீட்டில் சேரும். ஒவ்வோர் ஆண்டும் ஒன்று கூடி, 18 வயதில் 7 சீட்டு ஆகும்.
2. பசியில் இருக்கும் குடும்பம் 'டெசரா' என்ற தானிய, எண்ணெய்ப் பங்கை வாங்கலாம். ஒரு ஆளுக்கான பங்குக்கு ஒரு கூடுதல் சீட்டு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முறை வாங்கலாம்.
3. எல்லாச் சீட்டும் அடுத்த ஆண்டுக்கும் தொடரும்.

12ஆம் மாவட்டத்தைச் சேர்ந்த 16 வயது கேட்னிஸ் தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்குமாக ஆண்டுக்கு 3 பங்கு வாங்கினாள். ஐந்து ஆண்டில் 15. வயதுக்கான 5 சீட்டையும் சேர்த்தால் 20. அவளுடைய நண்பன் கேலுக்கு வயது 18, வீட்டில் ஐந்து பேர். ஏழு ஆண்டில் 35, அதோடு வயதுக்கான 7, ஆக 42. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அதே வயதில் 7 சீட்டுதான். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையே பகையை வளர்க்கும் ஏற்பாடு இது. மாவட்டங்களைப் பிரித்து வைப்பதோடு அரசு நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு பிரித்து வைக்கிறது.

வெற்றி பெற்றவருக்குத் தனி வீடு, பணம், உணவு, புகழ் எல்லாம் உண்டு. அவற்றைவிடப் பெரிய பரிசு ஒன்று: அவர் பெயர் இனி எந்தக் குலுக்கலிலும் வராது. பதிலுக்கு, ஆண்டுதோறும் தன் மாவட்டத்து ட்ரிப்யூட்களுக்கு வழிகாட்டியாகக் கேப்பிட்டலுக்குப் போய்வர வேண்டும்.

## முதல் படம் மிச்சம் வைத்த தலைவலி

74ஆம் போட்டியின் இறுதியில் கேட்னிஸும் பீட்டாவும் நச்சுப் பழத்தை வாயருகே கொண்டுபோனார்கள். இருவரும் செத்தால் வெற்றியாளர் இல்லை. வெற்றியாளர் இல்லாத போட்டி நாடே பார்க்க அரசு தோற்ற போட்டி. வேறு வழியில்லாமல் இருவரையும் வென்றவர்களாக அறிவித்தார்கள். போட்டியை நடத்திய தலைமை கேம்மேக்கர் செனெகா கிரேனுக்கு அதற்கான விலை அவர் உயிர்.

இந்தச் செயலை இரண்டு விதமாகப் படிக்கலாம். காதல் வெறியில் செய்தாள் என்றால் அது ஒரு பொழுதுபோக்குக் கதை. அரசின் விதியை அரசுக்கு எதிராகவே திருப்பினாள் என்றால் அது கிளர்ச்சிக்கான செய்முறை. அதிபர் ஸ்னோ கேட்னிஸின் வீட்டுக்கே வந்து கேட்பது முதல் விளக்கத்தைத்தான். மாவட்டந்தோறும் போகும் வெற்றிப் பயணத்தில் பீட்டாவின் காதலியாக நடி, மாவட்டங்கள் நம்ப வேண்டும், நானும் நம்ப வேண்டும் என்கிறார்.

11ஆம் மாவட்டத்திலேயே அது உடைகிறது. முதல் போட்டியில் இறந்த சிறுமி ரூவின் ஊர் அது. அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்த உரையை விட்டுவிட்டு, கேட்னிஸ் ரூவைப் பற்றி மனதிலிருந்து பேசுகிறாள். கூட்டத்தில் ஒரு முதியவர் ரூவின் மெட்டைச் சீழ்க்கையடித்து, மூன்று விரல்களை உயர்த்துகிறார். கூட்டம் முழுவதும் உயர்த்துகிறது. அரசின் காவல்படையான பீஸ்கீப்பர்கள் அவரை மேடைக்கு இழுத்துவந்து சுட்டுக்கொல்கிறார்கள். அவள் கிளர்ச்சிக்கு அழைக்கவில்லை, நன்றி சொன்னாள். ஆனால் இரங்கலைக்கூட அரசால் தாங்க முடியவில்லை என்பதை அந்த ஒரு குண்டு எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது.

## குவார்ட்டர் குவெல்: ஸ்னோ போட்ட கணக்கு

25 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சிறப்புப் போட்டி குவார்ட்டர் குவெல். அந்த ஆண்டுக்கென்று தனி விதி உண்டு. நாவல்களின்படி, 25ஆம் ஆண்டில் யாரை அனுப்புவது என்று மாவட்டத்தினரே வாக்களித்தார்கள். 50ஆம் ஆண்டில் இரட்டிப்பாக 48 பேர் களமிறங்கினார்கள். 75ஆம் ஆண்டுக்கான விதி: உயிரோடு இருக்கும் வெற்றியாளர்களிலிருந்தே ட்ரிப்யூட்கள் தேர்வு செய்யப்படுவார்கள்.

12ஆம் மாவட்டத்தில் பெண் வெற்றியாளர் கேட்னிஸ் ஒருத்திதான். அவளுக்குக் குலுக்கலே தேவையில்லை. ஆண்களில் ஹேமிட்சின் பெயர் வர, பீட்டா தானாக முன்வருகிறான்.

அவளை நேரடியாகக் கொன்றிருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஸ்னோவின் நிலையில் நின்று பார்த்தால்:

1. தனியாகக் கொன்றால் அவள் தியாகி. ஏற்கெனவே அவள் அணிந்த மாக்கிங்ஜே பறவைச் சின்னம் மாவட்டங்களில் பரவத் தொடங்கிவிட்டது.
2. களத்தில் இறந்தால் அது விதியின்படி நடந்த மரணம். அதற்கு முன் பிழைப்புக்காக அவள் சக வெற்றியாளர்களைக் கொல்வதையும் நாடு பார்க்கும். நல்லவள் என்ற பிம்பம் போய்விடும்.
3. மாவட்டங்கள் கொண்டாடும் வலிமையானவர்கள் அத்தனை பேரும் ஒரே வீச்சில் காலி. எவ்வளவு பலசாலியும் கேப்பிட்டலை மிஞ்ச முடியாது என்பது பாடம்.

கணக்கு மோசமில்லை. புதிய தலைமை கேம்மேக்கர் ப்ளூடார்க் ஹெவன்ஸ்பீ இதை ஆதரிக்கிறார். அவருடைய ஆலோசனைகளை இரண்டாம் முறை பார்க்கும்போது காதைக் கூர்மையாக வைத்துக் கேளுங்கள். கேட்னிஸ், பீட்டா திருமணச் செய்தியையும் மாவட்டங்களில் நடக்கும் கசையடியையும் தொலைக்காட்சியில் மாற்றி மாற்றிக் காட்டலாம் என்கிறார் அவர். கேட்கும்போது ஸ்னோவுக்குச் சாதகம். விளைவில் மக்களின் ஆத்திரத்தைக் கிளப்பும் யோசனை.

## கணக்கு எங்கே பிசகியது

மாவட்டங்களுக்கிடையே தொடர்பு கிடையாது என்ற விதிக்கு இப்போது திரும்புவோம். அந்த விதிக்கு விலக்கு பெற்ற மாவட்டத்தினர் யார்? வெற்றியாளர்கள். வழிகாட்டிகளாக ஆண்டுதோறும் கேப்பிட்டலில் கூடுகிறார்கள். பல ஆண்டுப் பழக்கம், நட்பு, ஒரே மாதிரியான காயம். 4ஆம் மாவட்டத்து ஃபின்னிக், 7ஆம் மாவட்டத்து ஜோஹானா, 3ஆம் மாவட்டத்து பீட்டி, 12ஆம் மாவட்டத்து ஹேமிட்ச் எல்லோரும் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள். பானெமில் மாவட்டம் கடந்து இயங்கக்கூடிய மனித வலைப்பின்னல் இது ஒன்றுதான். அதை உருவாக்கியதே அரசின் போட்டி விதி.

அந்த வலைப்பின்னலில் பெரும்பாலோர் அதுவரை அடங்கியிருந்தார்கள். காரணம் அந்தப் பரிசு: இனி குலுக்கல் இல்லை என்ற உறுதிமொழி. ஸ்னோ கிழித்தது அதைத்தான். இழப்பதற்கு ஏதோ இருந்தவர்களிடம் அதையும் பறித்து, அத்தனை பேரையும் ஒரே கட்டடத்தில் பயிற்சிக்கென்று கூட்டிவைத்தார். படத்தில் இதைவிடப் பெரிய அரசியல் பிழை வேறில்லை. சதித் திட்டத்தைவிட இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. திட்டம் தீட்ட ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்கள் கைக்கு ஒரு வாய்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தது ஸ்னோவே.

அதன் முதல் அடையாளம் நேர்காணல் மேடையில் தெரிகிறது. ஸ்னோ கட்டாயப்படுத்தி அணியவைத்த திருமண உடையில் கேட்னிஸ் சுழல்கிறாள். அவளுடைய உடை வடிவமைப்பாளர் சின்னாவின் கைவண்ணத்தால் வெள்ளை எரிந்து, கறுத்த சிறகுகளோடு மாக்கிங்ஜே வெளிவருகிறது. பீட்டா, தங்களுக்குக் குழந்தை பிறக்கப்போவதாகப் பொய் சொல்கிறான். கேப்பிட்டல் பார்வையாளர்களே போட்டியை நிறுத்தச் சொல்லிக் கூச்சலிடுகிறார்கள். 24 பேரும் கைகோத்து உயர்த்த, விளக்குகள் அணைக்கப்படுகின்றன. மாவட்டங்கள் ஒன்றாக நிற்பதை நேரலையில் பானெம் அன்றுதான் பார்த்தது.

## களம் ஒரு கடிகாரம்

75ஆம் போட்டியின் களம் வட்டமானது. நடுவே உப்புநீர் ஏரி, அதன் மையத்தில் ஆயுதங்கள் குவிந்த கார்னுகோப்பியா தீவு. தீவிலிருந்து கரைவரை 12 பாறைத் தடங்கள் ஆரங்களாக ஓடுகின்றன. கரைக்கு அப்பால் அடர்காடு. எல்லாவற்றையும் மூடியபடி கண்ணுக்குத் தெரியாத விசைத்திரை.

12 துண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 30 பாகை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆபத்து. மணி முடிந்ததும் அது அடங்கி அடுத்த துண்டு விழிக்கும். நாவலில் உள்ள வரிசை:

- 12 மணி: உயர்ந்த மரத்தின்மேல் மின்னல். நண்பகலிலும் நள்ளிரவிலும்.
- 1 மணி: இரத்த மழை.
- 2 மணி: தோலைப் பொசுக்கி நரம்பைத் தாக்கும் நச்சுப்புகை.
- 3 மணி: கொலைவெறிக் குரங்குகள்.
- 4 மணி: அன்புக்குரியவர்களின் அலறலைப் போலவே ஒலிக்கும் ஜாபர்ஜேப் பறவைகள்.
- 10 மணி: பேரலை.

இதை முதலில் கண்டுபிடிப்பவர் வைரெஸ். 3ஆம் மாவட்டத்தைச் சேர்ந்த அவரால் அப்போது முழு வாக்கியம் பேச முடியவில்லை. 'டிக் டாக்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்னிஸுக்கு அது பிடிபட்டதும் நிலைமை மாறுகிறது. ஒரு துண்டு ஒரு நாளில் இரண்டு முறை, மொத்தம் இரண்டு மணி நேரம்தான் கொல்லும். மீதி 22 மணி நேரம் அங்கே இருக்கலாம். நேரம் தெரிந்தவருக்குக் களம் ஒரு அட்டவணை.

கேம்மேக்கர்களும் இதை உணர்ந்துதான் அடுத்த மோதலின்போது தீவையே வேகமாகச் சுழற்றிவிடுகிறார்கள். காடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. எந்தத் தடம் 12 என்று இனி தெரியாது. கடிகாரத்தைக் கண்டுபிடித்த வைரெஸும் அந்த மோதலில்தான் கொல்லப்படுகிறார். நாவலின்படி, மறுபடியும் திசை பிடிக்க 10 மணிப் பேரலைக்காகக் காத்திருக்க வேண்டும்.

தண்ணீர் இன்னொரு சிக்கல். ஏரி உப்பு, காட்டில் ஊற்று இல்லை. ஹேமிட்ச் அனுப்பும் ஒரு சிறிய உலோகக் குழாயை மரத்தில் அடித்து இறக்கியதும் அதிலிருந்து குடிநீர் வடிகிறது. சொல் எதுவும் இல்லாமல் பொருளை மட்டும் அனுப்பிப் பேசும் முறை இது. ஹேமிட்சும் கேட்னிஸும் முதல் போட்டியிலேயே இதைப் பழகியவர்கள்.

## கேட்னிஸிடம் மறைக்கப்பட்டது

திட்டம் இதுதான்: ப்ளூடார்க், ஹேமிட்ச், சில வெற்றியாளர்கள் சேர்ந்து களத்தின் விசைத்திரையை உடைத்து, கேட்னிஸை உயிரோடு வெளியே எடுப்பது. பிறகு 13ஆம் மாவட்டத்துக்குக் கொண்டுபோவது. அந்த மாவட்டம் அழியவில்லை, நிலத்தடியில் இயங்குகிறது.

நாவலின்படி 3, 4, 6, 7, 8, 11 ஆகிய மாவட்டங்களின் ட்ரிப்யூட்களுக்கு வெவ்வேறு அளவில் இது தெரியும். இதைத் தெரிந்துகொண்டு காட்சிகளைத் திரும்பப் பார்த்தால் அர்த்தம் மாறும்:

1. பீட்டா விசைத்திரையில் மோதி இதயம் நின்றதும் ஃபின்னிக் மூச்சு கொடுத்து உயிர்ப்பிக்கிறான். போட்டியாளன் செத்தால் லாபம் என்ற கணக்கில் இது பொருந்தாது. பீட்டா இறந்தால் கேட்னிஸ் எதற்கும் ஒத்துழைக்க மாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளைக் காக்க அவனைக் காக்க வேண்டும்.
2. புகை துரத்தும்போது எல்லோரும் தப்ப முடியாத நிலை. 4ஆம் மாவட்டத்து மூதாட்டி மாக்ஸ் ஃபின்னிக்கை முத்தமிட்டுவிட்டுப் புகைக்குள் நடக்கிறார்.
3. 6ஆம் மாவட்டத்துப் பெண் எங்கிருந்தோ பாய்ந்து, பீட்டாமேல் விழவிருந்த குரங்கின் கடியைத் தன்மேல் வாங்குகிறாள்.
4. ஜோஹானா, தனக்குப் பிடிக்காத கேட்னிஸுக்காக பீட்டியையும் வைரெஸையும் உயிரோடு கொண்டுவந்து சேர்க்கிறாள். விசைத்திரையை உடைக்கும் அறிவு அந்த இருவரிடம்தான் இருக்கிறது.
5. கடைசியில் கேட்னிஸின் தலையில் அடித்து, கையைக் கத்தியால் கிழிக்கிறாள். பார்க்கத் துரோகம்போல இருக்கும். அவள் வெளியே எடுப்பது கேப்பிட்டல் பொருத்திய இருப்பிடக் கருவியை.

நாவலில் அழகான ஒரு விவரம் உண்டு. வெளியிலிருந்து வரும் ரொட்டி ஒரு சங்கேதம். எந்த மாவட்டத்து ரொட்டி என்பது நாளையும், எத்தனை ரொட்டி என்பது மணியையும் குறிக்கும். 3ஆம் மாவட்டத்து ரொட்டி 24 வந்தால், மூன்றாம் நாள், 24ஆம் மணி.

கேட்னிஸிடம் ஏன் சொல்லவில்லை? பிடிபட்டால் முதலில் சித்திரவதைக்கு உள்ளாவது அவள்தான். தெரியாததைச் சொல்ல முடியாது. நியாயமான காரணம். ஆனாலும் அவளுடைய உயிரை வைத்து அவளைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. மயக்கம் தெளிந்து உண்மை தெரிந்ததும் அவள் ஹேமிட்சின்மேல் பாய்வதில் தவறே இல்லை. பீட்டாவையும் ஜோஹானாவையும் கேப்பிட்டல் பிடித்துவிட்டது என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

## பீட்டியின் கம்பி: சொன்னதும் செய்ததும்

பீட்டா வேறு, பீட்டி வேறு. பீட்டி 3ஆம் மாவட்டத்து மின்னியல் வல்லுநர். அவர் கூட்டணியிடம் சொல்லும் திட்டம்: மெல்லிய கம்பிச் சுருளின் ஒரு முனையை மின்னல் மரத்தில் கட்டி, மறுமுனையை உப்புநீர்க் கரையில் விடுவது. நள்ளிரவு மின்னல் கம்பி வழியே ஈரக்கரைக்குப் பாய்ந்து, அங்கே இருக்கும் எதிரிகளைக் கொல்லும்.

அவ்வளவு மெல்லிய கம்பி மின்னலைத் தாங்குமா? தாங்காது. சாதாரண மின்னலின் உச்ச மின்னோட்டமே சுமார் 30,000 ஆம்பியர். மெல்லிய கம்பி கண்ணிமைக்கும் முன் ஆவியாகிவிடும். ஆனால் ஆவியான பாதை மின்னூட்டம் பெற்ற வாயுவாக மாறி, மின்னோட்டத்துக்கு வழியாகவே தொடரும். நிஜ ஆய்வகங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. இடிமேகத்தை நோக்கி, மெல்லிய செம்புக் கம்பியை இழுத்துச் செல்லும் சிறு ராக்கெட்டை ஏவி, மின்னலை வேண்டிய இடத்தில் இறக்குகிறார்கள். கம்பி எரிந்துபோகும், மின்னல் அதே பாதையில் தரைக்கு வரும். மின்னல் கம்பியை ஒட்டி ஓடும் என்பது வரையில் கதை அறிவியலை மீறவில்லை. கரை முழுவதையும் கொல்லும் என்ற பகுதிதான் சந்தேகம். நீரிலும் ஈரமண்ணிலும் மின்னோட்டம் எல்லாத் திசையிலும் பரவி, தூரம் கூடக்கூட வலுவிழக்கும்.

ஆனால் பீட்டியின் உண்மையான இலக்கு கரை அல்ல, மேலே இருக்கும் விசைத்திரை. பயிற்சி மண்டபத்திலேயே இதற்கு விதை போட்டிருக்கிறார்கள்: கேம்மேக்கர்களின் மாடத்துக்கு முன்னால் இருக்கும் திரையின் மூலையில் ஒரு மினுமினுப்பை வைரெஸும் பீட்டியும் கேட்னிஸுக்குக் காட்டுகிறார்கள். திரை எவ்வளவு வலுவானதானாலும் அதில் ஓர் ஓட்டை இருக்கும் என்பது அங்கே அவள் கற்ற பாடம்.

இரவில் திட்டம் சிதறுகிறது. எதிரிகள் கம்பியை அறுத்துவிடுகிறார்கள். மரத்தடியில் பீட்டி நினைவிழந்து கிடக்கிறார், கையில் கம்பி சுற்றிய ஆயுதம். கேட்னிஸ் திரும்பிவரும்போது மின்னலுக்குச் சில நொடிகள்தான் மிச்சம். அம்பை ஃபின்னிக்கை நோக்கிக் குறிவைக்கிறாள். உண்மையான எதிரி யாரென்று நினைவில் வை என்கிறான் அவன். போட்டிக்கு முன் ஹேமிட்ச் சொன்ன அதே வார்த்தை. அவள் கம்பியை அவசரமாக அம்பின் தண்டில் சுற்றுகிறாள். நாணை இழுத்து, கொஞ்சம் காத்திருந்து, மின்னல் மரத்தில் இறங்கும் கணத்தில் மேல்நோக்கி விடுகிறாள். திரை வெடித்துச் சரிகிறது.

இத்தனை பேர் போட்ட திட்டம் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே தோற்றுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அதை முடித்துவைத்தது திட்டமே தெரியாதவள். கேட்னிஸ் வெறும் பகடைக்காய் என்று சொல்கிறவர்களுக்குப் படமே தரும் பதில் இதுதான்.

## நாயகியின் வலிமை எதில்?

வில்வித்தையில் என்று பலர் சொல்வார்கள். படம் அப்படித் தொடங்கவில்லை. முதல் காட்சியில் வான்கோழிமேல் அம்பு விடுகிறாள். அவள் கண்ணுக்குத் தெரிவது முன்பு அவள் கொன்ற மார்வெலின் உடல். அவள் தன் ஆயுதத்தைக் கண்டே நடுங்குகிறாள். இரவில் அலறி எழுகிறாள். கிளர்ச்சி என்றதும் அவளுக்கு முதலில் தோன்றுவது குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடலாம் என்பதுதான். ஜெனிபர் லாரன்ஸ் இதை வசனத்தில் அல்லாமல் மூச்சிலும் தோளிலும் நடிக்கிறார்.

கேலைச் சாட்டையால் அடிக்கும்போது குறுக்கே நிற்பது, தனித்தேர்வில் பொம்மையில் செனெகா கிரேனின் பெயரை எழுதித் தூக்கில் தொங்கவிடுவது: இவை திட்டமிட்டவை அல்ல. அரசு எழுதிக்கொடுத்த பாத்திரம் அவள்மேல் பொருந்தவே மாட்டேன் என்கிறது. கிளர்ச்சிக்காரர்கள் அவளை அடையாளமாகத் தேர்ந்ததற்கும், அவர்களாலும் அவளை முழுவதும் கட்டுப்படுத்த முடியாமல் போவதற்கும் காரணம் ஒன்றுதான். அடுத்த இரண்டு படங்களும் இந்தச் சிக்கலைத்தான் பேசுகின்றன.

## நாவல் திரைக்கு வந்தபோது

சுசான் காலின்ஸின் 2009 நாவல் முழுவதும் கேட்னிஸின் வாயால் சொல்லப்படுகிறது. அவள் பார்க்காதது நமக்கும் தெரியாது. படம் இதை மாற்றி ஸ்னோவும் ப்ளூடார்க்கும் தனியாகப் பேசும் காட்சிகளைச் சேர்த்தது. மர்மம் சற்றுக் குறைகிறது, ஆனால் அரசு எப்படி யோசிக்கிறது என்பது தெளிவாகிறது. என் பார்வையில் இது நல்ல பேரம். ஸ்னோவின் பேத்தி கேட்னிஸைப் போலப் பின்னல் போட்டுக்கொண்டு வரும் காட்சி நாவலில் சாத்தியமே இல்லாதது.

நீக்கப்பட்டவற்றில் முக்கியமானது, 8ஆம் மாவட்டத்திலிருந்து தப்பிவரும் போனி, ட்வில் என்ற இருவர். 13ஆம் மாவட்டம் உயிரோடு இருக்கலாம் என்ற சந்தேகத்தை கேட்னிஸுக்கு ஊட்டுவது அவர்கள்தான். அவர்கள் இல்லாததால் படத்தின் கடைசியில் 13 என்ற பெயர் திடீரென்று வந்து விழுகிறது. படம் மட்டும் பார்த்தவர்கள் அங்கே குழம்புவது இதனால்தான்.

## கேமரா சொல்லும் கதை

முதல் படத்தை இயக்கிய கேரி ராஸ், தயாரிப்புக்குப் போதிய நேரம் இல்லை என்று 2012 ஏப்ரலில் விலகினார். பிரான்சிஸ் லாரன்ஸ் வந்தார். அதன்பின் வந்த படங்கள் எல்லாம் அவருடையவை. முதல் படத்தில் கையில் பிடித்த கேமரா ஓயாமல் ஆடும். இரண்டாம் படம் நிதானமாக நிற்கிறது.

பெரிய முடிவு, களக் காட்சிகளை ஐமேக்ஸ் படச்சுருள் கேமராவில் எடுத்தது. கேட்னிஸ் கண்ணாடிக் குழாயில் களத்துக்கு மேலெழும்போது அகன்ற சட்டகம் மேலும் கீழும் விரிகிறது. ஐமேக்ஸ் திரையில் அது முழுத்திரையாகும். வீட்டு ப்ளூரேயிலும் மேல், கீழ் கறுப்புப் பட்டைகள் மறைவதைப் பார்க்கலாம். பலர் அதைத் தட்டின் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கேமராவில் வேலை செய்வது எளிதல்ல:

1. படச்சுருள் கிடைமட்டமாக ஓடுகிறது, ஒரு சட்டகத்துக்கு 15 துளை நீளம். நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் செலவாகும். 1,000 அடிச் சுருள் சுமார் 3 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.
2. இயந்திரச் சத்தம் அதிகம். வசனத்தைப் பிறகு மறுபடி பதிவு செய்ய வேண்டிவரும்.
3. பெரிய சட்டகத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைவு. ஓடும் நடிகரைக் குவியத்தில் வைத்திருப்பது கடினம்.

காட்டுக் காட்சிகள் ஹவாயில் எடுக்கப்பட்டவை. மற்ற பெரும்பகுதி ஜார்ஜியாவின் அட்லாண்டாவிலும் அதைச் சுற்றியும். ஸ்னோவின் மாளிகையாக வருவது அட்லாண்டாவின் ஸ்வான் ஹவுஸ்.

## திரைக்கு வெளியே

முதல் படத்தின் செலவு சுமார் 8 கோடி டாலர், உலக வசூல் 69 கோடி டாலருக்கு மேல். இரண்டாம் படத்துக்குச் செலவு சுமார் 13 கோடி, வசூல் 86 கோடிக்கு மேல். அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் 42 கோடியைத் தாண்டி, 2013இல் வெளியான படங்களில் அங்கே முதலிடம் பிடித்தது. பெண்ணை மையமாக வைத்த அதிரடிப் படம் ஓடாது என்ற வணிக நம்பிக்கைக்கு எதிராக எண்களே பேசின. பின்னர் மூன்றாம் நாவலை இரண்டு படங்களாகப் பிரித்து 2014, 2015இல் வெளியிட்டார்கள். இரண்டின் வசூலும் இரண்டாம் படத்தை எட்டவில்லை.

மூன்று விரல் வணக்கம் திரையைவிட்டு வெளியேறியது. கதையில் அது 12ஆம் மாவட்டத்தினர் இறந்தவருக்கும் அன்புக்குரியவருக்கும் செலுத்தும் பழைய சைகை. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அங்கே போராடியவர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பிரதமர் பிரயுத்தின் முன் அந்தச் சைகையைக் காட்டிய மாணவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். பாங்காக்கில் அடுத்த பாகத்தின் காட்சிகள் சில ரத்து செய்யப்பட்டன. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது மருத்துவமனை ஊழியர்களும் தெருவில் இறங்கியவர்களும் அதே சைகையைக் காட்டினார்கள். அந்த மாதமே ஐ.நா. பொதுச்சபையில் மியான்மரின் தூதர் கியாவ் மோ துன், தன் உரையின் முடிவில் மூன்று விரல்களை உயர்த்தினார்.

படத்தைத் திரும்பப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: 11ஆம் மாவட்டக் காட்சியையும் இறுதி அம்புக் காட்சியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் அவள் என்ன செய்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது, கூட்டம் முழுவதற்கும் தெரியும். இரண்டாவதில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.